கம்பியோனேப் படியில் நான்கு சோடிச் சப்பாத்துகள்

நாங்கள் வேலை செய்த உணவகத்துக்குத் திங்கட்கிழமைகளில் பூட்டு. மற்றவர்களுக்கு அது நித்திரை கொள்ளும் நாள். எனக்கு ஊர் பார்க்கும் நாள். சுவிஸின் தென்கோடியில், இத்தாலி மொழி பேசும் பகுதியில், லுகானோதான் பெரிய நகரம். பஸ்ஸிலோ படகிலோ ஏறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சிற்றூர்கள் அதைச் சுற்றி நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும், ஒரு நகரசபையும், பக்கத்து ஊரைப் பற்றி ஒரு குறையும் வைத்திருந்தது. ஒரு திங்களுக்கு ஓர் ஊர் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டு, காலைத் தேத்தண்ணி குடித்ததும் புறப்பட்டுவிடுவேன். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்தவன் நான். ஓர் இடத்துக்குப் புதிதாக வந்தால், அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பின்னால் நடந்ததை நினைத்துப் பார்க்கும்போது இந்த வசனத்தை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அது எண்பதுகளின் பிற்பகுதி. விகனெல்லோ என்ற புறநகரில், மூன்றாம் மாடியில், நாங்கள் மூன்று ஆண்கள் ஒரு வீட்டைப் பகிர்ந்து இருந்தோம். எனக்கு நாற்பது கடந்திருந்தது. மற்ற இருவரும் என்னைவிட மிகவும் இளையவர்கள். ஒருவன் என்னோடு அதே உணவகத்துக் குசினியில் வேலை செய்தான். நான் கோப்பை கழுவ, அவன் சமையற்காரருக்கு உதவியாளாக உயர்ந்திருந்தான். அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மற்றவன் பருத்தித்துறைக்காரன், ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. வாய் ஓயாது. எங்கள் ஒருவருடைய அகதி விண்ணப்பத்துக்கும் அப்போது முடிவு வந்திருக்கவில்லை.

அந்தப் புறநகர்களை நான் விரும்பினேன். பரதீசோ ஹோட்டல்களின் ஊர். ஏரிக்கரையில் பனைகளைப் போன்ற மரங்களை வரிசையாக நட்டு, குளிர்காலத்தில் அவற்றுக்குச் சாக்குக் கட்டிவிடுவார்கள். மசாஞ்ஞோ புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஏறிப்போகும் மேட்டு ஊர். அங்கே ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. கஸ்தாஞ்ஞோலாவில் பணக்காரர்களின் படலைகளைத்தான் பார்க்கலாம், வீடுகளைப் பார்க்க முடியாது. கந்திரியாவில் வாகனம் போகும் தெருவே கிடையாது. ஊர் முழுவதும் படிக்கட்டு, படிக்கட்டு முழுவதும் பூனை. எங்கள் விகனெல்லோவைப் பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை. மழை பெய்தால் மண்ணிறமாக ஓடும் ஓர் ஆறு, ஒரு பேரங்காடி, மாடி வீடுகள், ஒரு தேவாலயம். அவ்வளவுதான். ஆனாலும் மற்ற ஊர்களுக்குப் போய் மாலையில் திரும்பும்போது, ஆற்றுப் பாலத்தைக் கண்டதும் எனக்கு ஒரு ஆறுதல் வரும்.

அந்தத் தை மாதம் தம்பியின் மனைவி விமானத்தில் நேராக வந்து சேர்ந்தாள். நானும் பருத்தித்துறைக்காரனும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டோம். கலியாணம் முடித்த கையோடு அவன் புறப்பட்டு வந்தவன். நாலு வருடம் கழித்து இப்போதுதான் இருவரும் ஒரு கூரையின் கீழ். என் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் விறாந்தைச் சோபாவுக்கு மாறினேன். அவள் ஆறு சகோதரங்களோடும், வந்துபோகும் சொந்தங்களோடும் ஒரு சத்தமான வீட்டில் வளர்ந்தவள். இங்கே தம்பி பத்து மணிக்கு வேலைக்குப் போனால், மத்தியான இடைவேளையில் ஓடிவந்து முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடியும் போய் எல்லோரும் படுத்த பிறகுதான் வருவான். பகல் முழுக்க அவள் யன்னலடியில் நிற்பாள். தெருவில் யாராவது போனால் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

கனடாவில், ரொறொன்ரோவில் இருந்த அவளுடைய தமையன் ஞாயிறுதோறும் ரெலிபோன் எடுப்பார். அங்கே ஒவ்வொரு மாடியிலும் எங்கள் ஆட்கள் என்பார். ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஒரு ஏஜென்சிக்காரனோடு பேசி வைத்திருப்பதாகவும், ஆனி மாதத்தில் அவளைக் கூட்டிப்போக ஆள் வரும் என்றும், தம்பி பிறகு வந்து சேரலாம் என்றும் சொன்னார். வைகாசி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். அவள் போக விரும்பினாள். அதை மறைக்கவும் இல்லை.

ஒருநாள் குசினியில், நான் கழுவிய சட்டிகளைத் துடைத்து அடுக்கியபடி தம்பி கேட்டான்.

"அண்ணை, நீங்கள் திங்கட்கிழமையில ஊர் பாக்கப் போறியள்தானே. எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"உனக்கு நித்திரை வேண்டாமோ?"

"நித்திரையை விடுங்கோ. அவவுக்கு இஞ்ச ஒரு இடமெண்டாலும் பிடிக்கவேணும்."

"பிடிக்காட்டி?"

அவன் துடைத்த சட்டியையே திரும்பத் துடைத்தான். "ஏஜென்சியோட போயிடுவா. நான் அப்பிடித்தான் வந்தனான் அண்ணை. லொறிக்குள்ள எப்பிடிக் கிடந்தனான் எண்டு நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, அவவுக்கும் சொல்லேல்லை. அந்த வழியால நான் அவவை அனுப்பமாட்டன். ஆனால் போகாதையும் எண்டு சொல்லி மறிக்கவும் ஏலாது. மறிச்சு வைச்சால் அது மறியல் வீடுதானே, சிறைதானே."

அன்றிலிருந்து என் திங்கட்கிழமைகளுக்கு ஒரு பொறுப்பு வந்தது.

முதலில் மாசியில் வரும் முகமூடித் திருவிழா. அந்த நாட்களில் ஒவ்வொரு ஊரின் சதுக்கத்திலும் பெரிய அண்டா வைத்து, ரிசோத்தோ என்ற சோற்றைத் துடுப்புப் போன்ற கரண்டியால் கிண்டி, வந்தவர்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். எந்த ஊரில் எந்த நாள் என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். பருத்தித்துறைக்காரன் வீட்டிலிருந்த பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உதென்னத்துக்கடா?" என்றேன்.

"அன்னதானத்துக்குச் சட்டி இல்லாமப் போறதோ, அண்ணை?"

கிண்டிக்கொண்டிருந்த மனிதர் சட்டியைப் பார்த்துச் சிரித்து, அதையும் நிரப்பிக் கொடுத்தார். தங்கச்சி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மெதுவாக விழுங்கினாள்.

"இது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சோறெல்லோ?"

"வெண்ணெயும் சீஸும் போட்டது. இஞ்ச பேர்போன சாப்பாடு," என்றான் தம்பி.

"ஓம். காய்ச்சல் வந்தால் சாப்பிடுறன்."

அடுத்த மாதம் பரதீசோவிலிருந்து கம்பியில் இழுபட்டு மலைக்கு ஏறும் ரயிலில் கூட்டிப்போனோம். உச்சி வரும்வரை அவள் தம்பியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கவில்லை. மேலே போய்க் கண்ணைத் திறந்தபோது, ஏரி கைகால் நீட்டிக் கிடந்தது. தூரத்தில் பனிமலைகள் வரிசையாக நின்றன. நாங்கள் மூவரும் மலையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள். "ஆனால் ஆக்கள் எங்க?"

"ஆக்களெல்லாம் கீழ, தங்கச்சி. இவ்வளவு உயரம் ஏறின விசரர் நாங்கள்தான்," என்றான் பருத்தித்துறைக்காரன்.

கந்திரியாவிலும் அதையேதான் சொன்னாள். வடிவாத்தான் இருக்கு, ஆக்கள் எங்க? பூனைகளைக் காட்டினேன். அவள் மரியாதைக்கு ஒரு பூனையைத் தடவினாள்.

வைகாசி வந்துவிட்டது. தமையனுக்குப் பதில் சொல்லும் ஞாயிறுக்கு முந்திய திங்கட்கிழமைக்கு, என் கைவசம் இருந்த பெரிய இடத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். மெலீதே என்ற ஊரில் ஒரு பூங்கா உண்டு. சுவிஸ் நாட்டின் தேவாலயங்கள், கோட்டைகள், நிலையங்கள் எல்லாவற்றையும் முழங்கால் உயரத்தில் கட்டி, நடுவே குட்டி ரயில்களை ஓடவிட்டிருப்பார்கள். ஒரு பின்னேரத்தில் நாடு முழுவதையும் பார்த்துவிடலாம். மற்றக் கன்ரோன்களுக்கு, அதாவது மற்ற மாநிலங்களுக்கு, போய்வர வழியில்லாத எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்காது என்று நினைத்தேன். பஸ்ஸில் போகலாம், ஆனால் படகில் போனால் அவளுக்குக் காற்றுப் பிடிக்கும். படகு லுகானோவில் புறப்பட்டு, பரதீசோவைத் தொட்டு, ஏரியைக் குறுக்கறுத்துக் கம்பியோனேக்குப் போய், அங்கிருந்து பிசோனே, பிறகு மெலீதே. நேர அட்டவணையில் கம்பியோனேயின் பெயருக்குப் பின்னால் இத்தாலி என்றும் ஒட்டியிருந்ததைக் கண்டேன்தான். பரதீசோ ஹோட்டல்களுக்கெல்லாம் தூரதேசத்து நகரங்களின் பெயர்கள். அப்படி ஏதோ ஒரு அலங்காரம் என்று விட்டுவிட்டேன். என்னிடம் இருந்த சுற்றுலா வரைபடத்தில் அந்தக் கரை முழுவதும் ஒரே பச்சை.

படகின் மேல்தட்டில் நால்வரும் நின்றோம். கம்பியோனேத் துறை நெருங்கும்போது, அதற்கு வலப்பக்கமாக, ஏரியைப் பார்த்தபடி ஒரு தேவாலயம் தெரிந்தது. அதன் வாசலிலிருந்து அகலமான படிக்கட்டு இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து தண்ணீர்வரை இறங்கியது. தங்கச்சி கம்பியை எட்டிப் பிடித்தாள்.

"இஞ்சேரப்பா, உங்க பாருங்கோ. தீர்த்தக்கரை மாதிரிப் படி."

"ஓம், வடிவா இருக்கு," என்றான் தம்பி.

"இதில இறங்குவமோ?"

வந்த நாளிலிருந்து அவள் எதையும் வேண்டுமென்று கேட்டதில்லை. தம்பி என்னைப் பார்த்தான். என் கையில் மெலீதேக்கான நேர அட்டவணை இருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"இறங்குவம்," என்றேன்.

தேவாலயத்துக்கு நேராகப் போகும் பாதை இருந்தது. ஆனால் அவள் படிக்கட்டின் அடிக்குத்தான் போனாள். "கோயிலுக்குப் போறதெண்டால் கால் கழுவ வேண்டாமோ?" என்றாள். மாதா கோயிலென்றாலும் கோயில்தான். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கடைசிப் படியில் காலை வைத்தவள் குளிரில் கத்திவிட்டாள். அந்தக் கத்தலோடு சிரிப்பும் வந்தது. தம்பியும் இறங்கினான். பருத்தித்துறைக்காரன், "பனி உருகின தண்ணி அண்ணை, பாவமெல்லாம் விறைச்சுப் போகும்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். நானும் கழுவினேன். நான்கு சோடிச் சப்பாத்துகளையும் குதிக்கால் சுவரோடு இருக்கும்படி வரிசையாக அடுக்கி வைத்தது நான்தான். வெறுங்காலோடு படியேறி உள்ளே போனோம்.

உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வைகாசி மாதாவின் மாதமாம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மர வாங்குகளில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதலில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து மறுமொழி சொல்வார்கள். அந்தக் குரல்கள் எழும்பி விழுந்து, திரும்ப எழும்பும். தங்கச்சி நடுவழியில் நின்றுவிட்டாள். கடைசி வாங்கில் இருந்த தடித்த பெண் ஒருத்தி அவளைத் திரும்பிப் பார்த்து, சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே, இடுப்பை நகர்த்தி இடம் கொடுத்தாள். தங்கச்சி போய் இருந்தாள். போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆண்கள் மூவரும் தூணுக்குப் பின்னால் நின்றோம். எங்கள் ஈரக்கால் அடையாளம் கல்நிலத்தில் வாசலிலிருந்து தூண்வரை வந்திருந்தது.

அந்த அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பொலிஸ்காரர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். அடையாளம் முடிந்த இடத்தில் எங்கள் கால்களைக் கண்டார். எங்கள் முகங்களைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு, வெளியே வாருங்கள் என்று விரலால் காட்டினார். தங்கச்சியும் எழுந்து எங்கள் பின்னால் வந்தாள்.

படியில் நின்று அவர் கைகளாலும் கண்களாலும் கதை சொன்னார். தெருவில் போனவர், தண்ணீர் ஓரத்தில் நான்கு சோடிச் சப்பாத்துகள் அடுக்கியிருந்ததைக் கண்டிருக்கிறார். ஒழுங்காக அடுக்கியிருந்ததுதான் அவருக்குப் பயத்தைக் கொடுத்ததாம். ஆளில்லை. ஓடிவந்து தண்ணீருக்குள் குனிந்து தேடியிருக்கிறார்.

"நாங்கள் நாலு பேரும் குதிச்சுச் செத்துப்போனம் எண்டு நினைச்சிட்டார், அண்ணை," என்றான் பருத்தித்துறைக்காரன். "நீங்கள் அடுக்கின அடுக்கு அப்பிடி."

நான் தேவாலயத்தைக் காட்டி, காலைக் காட்டி, கும்பிட்டுக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. சிரித்தார். அப்போதுதான் அவருடைய காற்சட்டையைக் கவனித்தேன். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பட்டி. அந்தச் சீருடையை நான் முன்பு ஓர் இடத்தில்தான் கண்டிருந்தேன்: கியாசோ என்ற இத்தாலி எல்லை ஊரில், தடைமரத்துக்கு அந்தப் பக்கத்தில்.

"இங்கே… இத்தாலியா?" என்று என்னுடைய அரைகுறை மொழியில் கேட்டேன்.

"இத்தாலியா!" என்றார், இரு கைகளையும் விரித்து, வேறு எந்த நாடாக இருக்கும் என்பதுபோல. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கம்பியோனே சுவிஸ் மண்ணுக்குள் அகப்பட்டுக் கிடக்கும் இத்தாலியத் துண்டு என்பதையும், சுற்றிவர சுவிஸ் என்பதால் அங்கே தடைமரம் கிடையாது என்பதையும் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பதிவு செய்த முதல்நாளே மொழிபெயர்ப்பாளர் மூலம் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்: முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும்.

தம்பி அப்படியே படியில் இருந்துவிட்டான்.

"முடிஞ்சுது, அண்ணை. நாலு வருசம்."

"என்ன, என்ன சொன்னவர்?" என்றாள் தங்கச்சி.

"இத்தாலியில நிக்கிறம்."

"இதுவோ இத்தாலி?" அவள் ஏரியைப் பார்த்தாள், எதிர்க்கரையைப் பார்த்தாள். "மறிக்கேல்லையே ஒருத்தரும்?"

"எல்லையில பிறந்து வளந்தமாதிரிக் கதைக்கிற அண்ணையெல்லோ கூட்டிக்கொண்டு வந்தவர்," என்றான் பருத்தித்துறைக்காரன். "நில அளவைக் கந்தோர்!"  நான் பையிலிருந்த நேர அட்டவணையை விரித்துப் பார்த்தேன். 

தம்பி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவன் அவளோடு கோபமாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

"நீர் வெளிக்கிடவேணும் எண்டுதானே நிண்டனீர். இப்ப வெளிக்கிட்டாச்சு. சந்தோசமோ?"

அவள் படியில் இறங்கிப் போய், கால் ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சப்பாத்தைப் போட்டாள். பிறகு அவனுடைய சப்பாத்தை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"இஞ்சேரப்பா, எழும்புங்கோ. வீட்ட போவம்."

"படகில ஏறினால் பிடிப்பினம்."

"அப்ப நடப்பம்."

ஏரிக்கரையோடு போகும் தெரு பிசோனேக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். எல்லை தெரியாதவன் சொல்லும் வழியை நம்பலாமா என்பதுபோல் மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருட்டும்வரைக்கும் கோயிலுக்குள்ள இருப்பம்," என்றான் தம்பி.

"இருட்டில போனாத்தான் கள்ளர் எண்டு பிடிப்பினம்," என்றாள் அவள். "இப்ப போனால் நாங்கள் ஊர் பாக்க வந்த ஆக்கள்."

ஊர் முடியும் இடத்தில் தெருவுக்குக் குறுக்கே ஒரு பெரிய வளைவு நின்றது. அதைக் கண்டதும் எல்லோருடைய நடையும் மாறியது.

"அண்ணை, ஊர் பாக்க வந்த ஆக்கள் எப்பிடி நடக்கிறவை?" என்று பருத்தித்துறைக்காரன் அடிக்குரலில் கேட்டான்.

"மெதுவா. கையைப் பின்னால கட்டிக்கொண்டு. இடைக்கிடை மேல பாக்கவேணும்."

நாலு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் மேலே பார்த்தபடி நடந்தோம். பின்னால் ஒரு கார் வந்து வேகம் குறைத்தது. எங்களோடு சேர்ந்து உருண்டது. நின்றது. யன்னல் இறங்கியது. அதே பொலிஸ்காரர். தம்பி அவளுடைய கையைப் பிடித்தான். தெருவில், எங்கள் முன்னால், அதுதான் முதல்தடவை.

"சிஞ்ஞோரா!" என்று கூப்பிட்டு, யன்னலால் கையை நீட்டினார். அவள் வாங்கில் விட்டுவந்த கம்பளிச் சட்டை.

அவள் வாங்கிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பருத்தித்துறைக்காரன்தான் நிமிர்ந்து நின்று, "வணக்கம் ஐயா!" என்றான். பொலிஸ்காரர் அதை ஒரு நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டு, நெற்றியில் விரலை வைத்துவிட்டுக் காரைத் திருப்பினார்.

வளைவுக்குக் கீழால் போனோம். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கோடு இல்லை, மரம் இல்லை, ஆள் இல்லை. தெரு ஓரத்துப் புல் இந்தப் பக்கம் இருந்த அதே புல். வாழ்நாளில் எத்தனையோ எல்லைகளை மையால் இழுத்தவன் நான். ஒன்றின்மேல் இப்படிக் கால் வைத்துக் கடந்தது அன்றுதான். ஊரில் ஆனையிறவு இராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்கு ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள் நாங்கள்.  பிசோனேயின் தூண்வரிசைக் கடைகளுக்குக் கீழே மஞ்சள் தபால் பெட்டி ஒன்றைக் கண்டதும் தம்பி போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"சுவிஸ்தான்," என்றான்.

"முத்தம் குடுக்கிறதெண்டால் குடு. நாங்கள் அங்கால பாக்கிறம்," என்றான் பருத்தித்துறைக்காரன். அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. தங்கச்சி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏரியின் குறுக்கே போட்ட அணைத்தெருவால் நடந்து மெலீதேக்குப் போனபோது பூங்காவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். குட்டி ரயில் ஒன்று முழங்கால் உயரத் தேவாலயத்தைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. யாரோ மின்சாரத்தை நிறுத்தியிருக்கவேண்டும்.

"உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தது இதைக் காட்டத்தான்," என்றான் தம்பி. "பூட்டிட்டாங்கள்."

அவள் கம்பி இடைவெளியால் எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லை. இன்னொரு நாளைக்கு வருவம்."

தம்பி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். பருத்தித்துறைக்காரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

அந்த ஞாயிறு ரெலிபோன் அடித்தபோது நாங்கள் மூவரும் குசினிக்குள் இருந்தோம். கதவு அரைவாசி திறந்திருந்தது. ஒட்டுக்கேட்கிறோம் என்று அவளுக்கும் தெரியும்.

"ஓம் அண்ணா. ஓம், சுகமா இருக்கிறன்… இல்லை. நான் வரேல்லை." கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துக் குரலின் இரைச்சல் மட்டும் கேட்டது. "அவர் ஒண்டும் சொல்லேல்லை, அண்ணா. நான்தான் சொல்லுறன்… நான் போன திங்கள் வெளிநாடு போட்டு வந்திட்டன். பகிடி இல்லை. இவர் அங்க படியில இருந்த இருப்பை நீங்கள் காணேல்லை. அந்த முகத்தை விட்டிட்டு நான் எங்க வாறது?" மறுபடியும் இரைச்சல். "ஆக்கள் இருக்கினம் அண்ணா. அங்க ஒருத்தி தள்ளி இருந்து இடம் தந்தவ. இஞ்சயும் அப்பிடி ஒருத்தி இருப்பாதானே. நான் தேடிப் பாக்கேல்லை."

குசினியில் ஏதோ கருகி மணத்தது. தேத்தண்ணிக்கு என்று தம்பி அடுப்பில் ஏற்றிய கேத்திலுக்குள் தண்ணீர் இல்லை. மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த வைகாசியில் மிஞ்சியிருந்த நாட்களில் அவள் தேடினாள். பார்க்க ஒன்றுமில்லாத எங்கள் விகனெல்லோவின் தேவாலயத்திலும் பின்னேரங்களில் செபமாலை சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். மாலையில் சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டு அங்கே போய்க் கடைசி வாங்கில் இருப்பாள். "விளங்காட்டியும் பரவாயில்லை, அண்ணை. நாலு பேர் சேந்து போடுற சத்தம்," என்றாள். கொஞ்ச நாளில் தெருவில் போகும் பெண்கள் யன்னலைப் பார்த்துக் கையசைக்கத் தொடங்கினார்கள். அவள் இத்தாலிய மொழி கற்றதும் அங்கேதான். அதனால் பேரங்காடியில் பாண் கேட்கும்போதும் அவளுடைய குரல் செபமாலைபோல எழும்பி விழும். கடைக்காரப் பெண்களுக்கு அது மிகவும் பிடிக்கும்.

எங்கள் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சில மாதங்கள் தபால் வரும்போதெல்லாம் தம்பியின் முகம் வெளுக்கும். பிறகு அதுவும் நின்றது.

மெலீதேப் பூங்காவுக்கு ஆவணியில் போனோம். வடிவாத்தான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த கோடைகளில் மலைகளுக்கு அப்பால் வில், துன் என்ற சுவிஸ் நகரங்களிலிருந்து சொந்தக்காரர் வரும்போது, அவர்களை எங்கே கூட்டிப்போவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். என் நேர அட்டவணையை வாங்கிப் பார்த்துப் படகைக் குறிப்பாள். கம்பியோனே நெருங்கும்போது எல்லோரையும் வலப்பக்கக் கம்பியடிக்கு வரச்சொல்வாள். படிக்கட்டு தெரிந்ததும் விருந்தினரில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், இதில் இறங்குவமோ என்று.

"ஐயோ, இறங்கப்படாது," என்பாள். "விசா வேணும். இருந்த இடத்தில இருந்து பாருங்கோ. அதுதான் நான் கால் கழுவின வெளிநாடு."